வீட்டு அடங்கல்

கிராமத்தின் எல்லைக்குள் அடங்கிய ஒவ்வொரு சர்வே எண்ணிலும் நடப்புப் பசலியில் என்ன பயிர் நிற்கிறது, அதற்கு ஏரி நீர் பாய்கிறதா கிணற்று நீர் பாய்கிறதா, எவ்வளவு பரப்பு தரிசாய்க் கிடக்கிறது என்பவற்றையெல்லாம், திண்ணையில் உட்கார்ந்து கேட்டெழுதாமல், வரப்பின்மேல் நடந்து போய்ப் பிரத்தியட்சமாகக் கண்டு பதிவு செய்யும் கணக்குக்கு அடங்கல் என்று பெயர். கிராமக் கணக்குகளில் அது இரண்டாம் எண். 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் என்ற புதிய உத்தியோகம் ஏற்பட்ட பிறகு அந்த வேலைக்கு வந்தவர்களுள் நானும் ஒருவன். போளூர் வட்டத்தில், ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்துக் கிராமங்களில், ஓய்வு பெறும் வரையில் என் கக்கத்தை விட்டு நீங்காதிருந்த புத்தகம் அடங்கலே. ஜமாபந்தியில் மேலதிகாரிகளின் முன் அதை விரித்து வைக்கும்போது, கண்ணால் பார்த்து எழுதிய வரிக்கும் ஊகித்து எழுதிய வரிக்கும் உள்ள பேதம் எப்படியும் வெளிப்பட்டே தீரும்.

அடங்கலுக்கு அடுத்தபடி நான் மிகுதியாக எழுதியவை சேதப் பட்டியல்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில், சேறு காயாத தெருவில், இடிந்த சுவர், சாய்ந்த கூரை, செத்த மாடு, மூழ்கிய பயிர் என்று வீடு வீடாகக் குறித்துக்கொண்டு போகும் அந்த வேலையில், ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே அளவு நிலமுள்ள, ஒரே மழையில் நனைந்த இரண்டு குடும்பங்களுள் ஒன்று சில நாளில் நிமிர்ந்து நின்றுவிடுவதையும், மற்றொன்று பல வருஷக் கடனில் அமிழ்ந்து போவதையும் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். செல்வத்தின் ஏற்றத்தாழ்வால் மட்டும் அது விளைந்ததாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தன் வீட்டில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எத்தனை நாளைக்கு வரும், எது முதலில் தீரும் என்ற கணக்கு ஒரு குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது, மற்றொன்றுக்குத் தெரிந்திருக்கவில்லை. கிராமத்துக்கு இருப்பதுபோல் வீட்டுக்கும் ஓர் அடங்கல் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டானது அந்தச் சேற்றுத் தெருக்களில்தான்.

பேராபத்து என்றவுடன் கடற்கரையை நினைப்பது நம்மவர் வழக்கம். போளூரோ கடலுக்கு வெகு தூரம் உள்ளே இருக்கிறது. புயல் இவ்விடம் வந்து சேரும்போது காற்றின் வேகம் தணிந்திருக்கும்; மழையின் கனம் மட்டும் தணியாமலிருக்கும். செய்யாறு, கமண்டல நாகநதி, மிருகண்டா நதி ஆகியவை ஜவ்வாது மலையில் பிறந்து வருபவை. வருஷத்தில் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பவை. சமவெளியில் வானம் வெளுத்து, ஈரத் துணியை உலர்த்தப் பெண்கள் கொடி கட்டும் வேளையில், முந்தின இரவு மலையில் பெய்த மழை செந்நிறமாக இறங்கி வந்து தரைப்பாலத்தை மூடிவிடும். வானத்தைப் பார்த்து வெள்ளத்தைக் கணிக்க முயல்கிறவர்கள் இந்த நதிகளிடம் ஏமாந்து போவார்கள். மலையைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போவது அபூர்வம். ஊரைத் துண்டித்து வைப்பதே சாதாரணம். பால் வண்டி வராது, காஸ் வண்டி வராது, மின்கம்பம் சாயும், கைப்பேசிக் கோபுரம் சில மணி நேரம் தாங்கிப் பின் மௌனமாகும், பிரசவ வேதனையிலிருக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழியிராது. இரண்டு நாள், மூன்று நாள், மலைக் கிராமமாயின் அதற்கும் மேல், ஒரு குடும்பம் தன்னிடம் இருப்பதைக் கொண்டே ஜீவிக்க வேண்டியதாகிறது.

இதற்கு விலக்கான ஆபத்தும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், மேற்கொண்டு நகராமல் நெடுநேரம் ஒரே இடத்தில் நின்று பெய்தது. மறுநாள் மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் புரண்டு வந்து வீட்டை மூடியதில் 7 பேர் மாண்டார்கள். அவர்களுள் 5 பேர் குழந்தைகள். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறியது. பாறை உருண்டு வரும் இடத்தில் வீட்டிலுள்ள நெல் மூட்டையால் என்ன பிரயோஜனம்? ஆகவே வீட்டு அடங்கலின் முதற்பக்கத்தில் எழுத வேண்டியது தானியத்தின் அளவன்று. வீடு நிற்கும் இடத்தின் லட்சணம். சரிவின் கீழே இருக்கிறதா, ஓடையின் போக்கில் இருக்கிறதா, எந்த மரம் எந்தப் பக்கம் சாயும், வெளியேற வேண்டுமானால் எந்த வழி, எந்த மேட்டு வீடு அல்லது பள்ளிக்கூடம், வீட்டில் யார் யாரைத் தூக்கிக்கொள்வது, மாட்டை எவர் அவிழ்த்து விடுவது என்பவை முதலில் எழுதப்படட்டும். கட்டுத்தறியிலேயே மூழ்கிச் செத்த மாடுகளை எண்ணி எழுதிய கை இது. முளையிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடு பெரும்பாலும் தானே மேட்டைக் கண்டுபிடித்து நிற்கும்.

மண் சுவரைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நான் எழுதிய உயிர்ச் சேதங்களுள் பல ஆற்றினால் நேர்ந்தவையல்ல, சுவரினால் நேர்ந்தவை. மழை பெய்துகொண்டிருக்கும்போது ஜனங்கள் சுவரைக் கவனிக்கிறார்கள், ஒழுகும் இடத்தில் சட்டியை வைக்கிறார்கள், விழித்திருக்கிறார்கள். மழை விட்டு வெயில் தலைகாட்டியதும், கண்டம் கழிந்தது என்று நிம்மதியாகப் படுக்கிறார்கள். அடிமட்டம் வரை நீர் ஊறிய சுவரோ அப்போதுதான் தன் கனத்தைத் தானே தாங்க மாட்டாமல் நெகிழ்கிறது. நடு இரவில் உட்பக்கமாகச் சரிகிறது. சுவரின் அடியில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, புதிய வெடிப்பு உண்டா, கதவு நிலை முன்போல் மூடுகிறதா என்று மழை விட்ட பின்னும் ஒரு வாரம் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் அந்த வீட்டில் இரவு படுக்கலாகாது. வேறு போக்கிடம் இல்லாத ஏழைகளிடம், சுவரோரத்தில் தலை வைக்காமல் நடுவில் படுங்கள் என்றாவது சொல்லிக்கொண்டே போவேன். குழந்தைகளைச் சுவரோரம் கிடத்துவது, உருண்டு விழாதிருக்கும் என்ற அன்பினால் செய்யப்படுவது, அந்த நாட்களில் அதுவே மிகவும் அபாயகரமானது.

இனித் தானியத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் முன்பு ஒரு மூலையை அடைத்துக்கொண்டு குதிர் நிற்கும். தாது வருஷப் பஞ்சம் என்று முன்னோர் சொல்லி நடுங்கிய 1876–78 க்ஷாமத்தில் வட ஆற்காடு ஜில்லா கடுமையாக அடிபட்டது; நிவாரண வேலைக்குப் போனவனுக்கு 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்த கூலி, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசுமே. அந்த நினைவு வீட்டின் அமைப்பிலேயே பதிந்து குதிராக நின்றது என்று நான் கருதுகிறேன். பிறகு யுத்த காலத்துப் பங்கீடு வந்தது. 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அறுபதுகளின் நடுவில் மறுபடி அரிசித் தட்டுப்பாடு வந்து, 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி ஒவ்வொரு சமையலறையிலும் பேசப்பட்டது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு ரேஷன் கடையில் விலையில்லாமல் அரிசி கிடைக்கிறது. இது பசியைத் துடைத்த மகத்தான தர்மம். இதைக் குறை கூறுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் அந்தத் தர்மத்தின் நிழலில் நாம் அறியாமலே ஒரு மாறுதல் நிகழ்ந்தது. குதிர் இருந்த வீடு அறுவடைக்கு அறுவடை சிந்தித்தது. அட்டையை நம்பும் வீடு மாதத்துக்கு மாதம் சிந்திக்கிறது. பட்டணத்துப் பழக்கம் புகுந்த வீடு இன்று மாலைக்கான காய்கறியை இன்று காலையில் சிந்திக்கிறது. சேகரத்தின் நீளம் குறுகிய அளவுக்கு, தரைப்பாலம் மூழ்கும் மூன்று நாள் நீண்டு போயிற்று.

மலைமேல் நிலைமை வேறு. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள், மூங்கிலால் பின்னி மண்ணும் சாணமும் பூசிய தொம்பையில் சாமையைக் கொட்டி வைப்பதை இன்றும் சில இடங்களில் காணலாம். உமியோடு கூடிய சாமையைப் பூச்சி எளிதில் அண்டுவதில்லை. வருஷக் கணக்கில் கெடாமல் கிடக்கும். தீட்டிய அரிசியோ மழைக் காலத்தில் சில மாதங்களுக்குள் வண்டு கட்டிவிடும். இந்த ஒரு விஷயத்தில் சமவெளியார் மலையாரிடம் பாடம் கேட்க வேண்டியவர்கள். நெல்லாக வைத்தால் நீண்ட நாள் நிற்கும், அரிசியாக வைத்தால் உடனே உதவும்; இரண்டிலும் கொஞ்சம் இருப்பதே விவேகம்.

வீட்டு அடங்கல் எழுதுவதற்குப் படிப்பு வேண்டுமென்பதுமில்லை. அடிவாரத்துக் கிராமம் ஒன்றில், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத மூதாட்டி ஒருவர், குதிருக்குப் பின்னால் சுவரில் வரிசை வரிசையாகக் கரிக்கோடு இழுத்து வைத்திருந்தார்.

“இன்னா பெரியம்மா, செவுரெல்லாம் கோடு?” என்று கேட்டேன்.

“நெல்லு கணக்கு நைனா. ஒரு மரக்கா எடுத்தா ஒரு கோடு. திரும்பக் கொட்னா ஒரு கோட்ட அழிச்சிடுவேன். கோடு கூடிப்போச்சுன்னா ராத்திரில தூக்கம் புடிக்காது.”

அதைவிடச் செம்மையான இருப்புப் பதிவேட்டை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. எடுப்பதைத் தடுக்கவில்லை அவர், எடுத்ததை மறக்காமலிருந்தார். ஆபத்துக்கென்று தனியே பூட்டி வைத்துத் தொடாமலே காக்கும் சேகரம் கெட்டுப் போகும் என்பதே என் அபிப்பிராயம். தினமும் உண்ணும் பொருளையே சற்று அதிகமாக வைத்து, பழையதை முதலில் எடுத்து, புதியதைப் பின்னால் தள்ளிக்கொண்டே வருவதுதான் நிலைக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ அரிசி என்று வைத்துக்கொண்டால், இரண்டு வாரத்துக்கு 28 கிலோ. அதற்கு ஏற்ற பருப்பு, புளி, உப்பு, எண்ணெய், வற்றல். அடுப்பே எரியாத முதல் மூன்று நாளைக்கு அவல், பொரி, வெல்லம், வறுத்த வேர்க்கடலை; வேர்க்கடலை விளையும் பூமியில் இருந்துகொண்டு அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. வாங்குவது அறுவடைக் காலத்தில் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்த மாலையில் கடைக்கு ஓடி மூட்டை மூட்டையாக வாங்குகிறவன், அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்கும் ஏழையின் பங்கையும் சேர்த்து வாங்கிப் போகிறான். அது முன்ஜாக்கிரதை ஆகாது.

தண்ணீரைப் பற்றி ஜனங்கள் எண்ணுவதே இல்லை. சுற்றிலும் வெள்ளமாக இருக்கும்போது தாகம் ஏது என்று நினைக்கிறார்கள். முன்பு ஒவ்வொரு கிணற்றிலும் ராட்டினமும் கயிறும் வாளியும் இருந்தன. இப்போது மின்மோட்டார் இருக்கிறது. கிணறு ததும்பி வழியும், மின்சாரம் இல்லாமையால் ஒரு குடம் எடுக்க வழியிராது. ஆழ்துளைக் கிணறாயின் வாளியும் உதவாது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாலு லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். ஏறக்குறைய நாலு குடம். எச்சரிக்கை வந்தவுடன் அரிசிக்கு முன் அந்தக் குடங்களை நிரப்புங்கள் என்பேன். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கலாகாது. சுத்தி செய்ய 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் கலந்து ஒரு மணி நேரம் விட வேண்டும். கலங்கிய நீரானால் அதிகம் தேவைப்படும், சுகாதார ஆய்வாளரைக் கேட்டுச் செய்வது உத்தமம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஒரு லிட்டர் காய்ச்சிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கத் தாய்மார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரரும் ரத்த அழுத்தக்காரரும் இல்லாத வீடு இன்று அரிது. அவர்களுடைய மருந்து இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருப்பில் நிற்க வேண்டும்.

இயற்கை மட்டுமே ஆபத்தை அனுப்புகிறதென்று நினைக்கலாகாது. 2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் கடைக்கு உதவாததாயிற்று. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் கணவருக்குத் தெரியாமல் சிறுகச் சிறுகச் சேர்த்த பெண்கள், வங்கி வாசலில் வரிசையில் நின்றதைப் போளூரிலும் கண்டேன். அடுத்த மாதம் 12-ஆம் தேதி வர்தா புயலும் வந்தது. 2020 மார்ச் 25 முதல் தேசம் முழுவதும் அடைக்கப்பட்டபோது, நோட்டு செல்லும், வீதிதான் செல்லாது என்ற நிலை. இப்போது கைப்பேசியைக் காட்டியே காசு கொடுக்கிறார்கள். கோபுரம் மௌனமானால் அந்தக் காசும் மௌனமாகிறது. ஆகவே பத்தும் இருபதும் ஐம்பதும் நூறுமாகச் சில்லறை நோட்டுகள், ஒரு வாரச் செலவுக்குப் போதுமான அளவு, வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டது வங்கியில் இருப்பதே க்ஷேமம்.

என் உத்தியோகத்தின் சாரமாக நான் வற்புறுத்துவது காகிதங்களை. 2024 புயலுக்குப் பின் தமிழக அரசு அறிவித்த நிவாரணத்தில், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய்; மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்த பாசன நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்; இறந்த பசு, எருமைக்கு 37,500 ரூபாய். இவற்றுள் எதையும் பெற, நிலம் இன்னாருடையது, வீடு இன்னாருடையது, மாடு இன்னாருடையது, வங்கிக் கணக்கு இன்னது என்று காட்ட வேண்டும். பட்டாவும் குடும்ப அட்டையும் பாஸ்புக்கும் ஒரு தகரப் பெட்டியில் தரையில் கிடந்து கூழாகப் போன குடும்பம், உரிமையுள்ள பணத்துக்காக மாதக் கணக்கில் அலைவதைக் கண்டு என் மனம் நொந்திருக்கிறது. ஆண்டாண்டாகக் குத்தகைக்குப் பயிரிட்டும் தன் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவனுடைய நிலை இதனினும் துயரம். அடங்கலில் பயிரிடுபவர் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பயிர் நிற்கும்போதே பார்த்துக்கொள்வது அவனுக்கு உயிர்நாடி. செத்த மாட்டைத் துக்கத்தினாலும் துர்நாற்றத்தினாலும் அவசரமாகப் புதைத்துவிட்டால், கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர முடியாது. பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றும் பிறப்புச் சான்றும் பாலிதீன் உறையிலிட்டுப் பரணில், கையெட்டும் இடத்தில், இருக்கட்டும். நகல் ஒன்று ஆற்றுக்கு அக்கரையில் சம்பந்தி வீட்டில் இருக்கட்டும்.

இதையெல்லாம் எப்போது சரிபார்ப்பது? நம்மவருக்கு அதற்கென்றே அமைந்தாற்போல் ஆயுத பூஜை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் அது வருகிறது. வீட்டிலுள்ள அரிவாள் முதல் அம்மிக் குழவி வரை இறக்கித் துடைத்துப் பொட்டு வைக்கும் நாள். டார்ச் விளக்கு எரிகிறதா, மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரி உண்டா, தாழ்வாரத்தில் உலர்ந்த விறகு ஒரு கட்டு இருக்கிறதா, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண் சுவரில் எழுதியிருக்கிறதா என்று அன்றே பார்த்து அடங்கலில் குறித்துவிடலாம். சுவீடன் தேசத்தில் 2018-இலும் மறுபடி 2024-இலும், நெருக்கடியோ யுத்தமோ வந்தால் என்ன செய்வது என்ற சிறு புத்தகத்தை அரசாங்கமே அச்சிட்டு எல்லா வீடுகளுக்கும் அனுப்பிற்று. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம், ஒவ்வொரு குடும்பமும் 72 மணி நேரத்துக்குத் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டுமென்று சொல்லிற்று. செய்யாற்றின் தரைப்பாலம் எங்களுக்குச் சொல்லித் தந்த மூன்று நாளும் அதுவே.

ஓய்வு பெற்ற பின் நான் இதைச் சொல்லப் போன இடங்களில் ஒரு கேள்வியைப் பெண்கள்தாம் கேட்பார்கள்: “நாங்க சேத்து வெச்சிருக்கோம், பக்கத்து வூட்ல இல்ல. கதவ சாத்திக்கினு சாப்புட முடியுமா ஐயா?” முடியாது, முடிகிற ஊரில் நான் வேலை பார்க்கவில்லை. சேகரத்தை மறைத்து வைக்கச் சொல்லும் ஆலோசனைகளை நான் ஏற்பதில்லை. ஐந்து பேர் உள்ள வீடு ஆறு பேருக்குக் கணக்கிட்டு வைக்கட்டும் என்பதே என் பதில். அடங்கலில் பயிர் மட்டுமா இருக்கிறது? தரிசும் இருக்கிறது, இல்லாததையும் எழுதுவதே அந்தக் கணக்கின் நேர்மை. ஆகையால் வீட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில், தெருவில் யார் தனியே இருக்கும் முதியவர், யாருக்கு மாதம் நிறைந்திருக்கிறது, யாரால் நடக்க முடியாது, யார் வீட்டுச் சுவர் மண் சுவர், அவர்களை எவர் போய் அழைத்து வருவது என்று எழுதச் சொல்கிறேன். எங்கள் தெருவில் அந்தப் பக்கத்தை இப்போது எழுதி வருபவள் ப்ளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி. சென்ற ஆயுத பூஜையின்போது, வாடகைக்கு வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களையும் அவள் புதிதாகச் சேர்த்தாள். குடும்ப அட்டை அவர்களுடைய சொந்த ஊரில் இருக்கிறது. தமிழில் வரும் எச்சரிக்கை அவர்களுக்குப் புரியாது. யார் போய்ச் சொல்வது என்ற பத்தியில், அவர்களுக்கு எதிரே, தன் பெயரையே எழுதியிருக்கிறாள்.